வடிகட்டியில் தங்கும் நஞ்சு எங்கே போகும்?

ஜெயபுரத்தில் சிறிய அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவர், தனது கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொகுதியைப் புதுப்பிக்கக் கடன் எடுக்கப் போகிறார். "நானா, எந்த வடிகட்டி நல்லது?" என்று என்னிடம் கேட்டார். "வடிகட்டியில தங்கிறத எங்க கொண்டுபோய்க் கொட்டப் போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. குற்றம் அவருடையதல்ல, வன்னியில் இக்கேள்விக்கு எவரும் இன்னும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

ஒப்செட் அச்சகத்தில் கழிவு இரண்டு வகை. பிளேட் கழுவிய நீர் அளவில் அதிகம், வீரியத்தில் குறைவு. பிளேட் துலக்கும் காரத் திரவம், மை படிந்த ரோலர்களைத் துடைத்த கரைப்பான் போன்றவை அளவில் குறைவு, வீரியத்தில் அதிகம். இரண்டையும் ஒரே குழாயில் விட்டால் முழு நீருமே நஞ்சாகிவிடும். எத்தனை இலட்சம் ரூபா வடிகட்டியும் அதன்பின் திணறும்.

இயந்திரம் எதையும் மாயமாக்குவதில்லை. மணல் வடிகட்டி துகள்களைப் பிடிக்கும். செயற்படுத்திய கரி நிறத்தையும் கரைப்பானையும் உறிஞ்சும். கரைந்த உப்பை விட்டுவிடும். ஆர்.ஓ. உப்பையும் பிரிக்கும், ஆனால் செறிந்த கழிவுநீரை மறுபக்கம் தள்ளும். நஞ்சு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்ற ஊர் திருப்பூர். சாயக்கழிவு நொய்யலாற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணை நீர் விவசாயிகளுக்கு உதவாமற் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் அதிகமான சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்ற விதிப்படி ஆலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை இயக்கின. நீர் திரும்பக் கிடைத்தது. ஆனால் எஞ்சிய கலப்பு உப்பும் சேறும் குவிந்து, தனிப் பிரச்சினையாயின.

நம் வடக்கிலும் பாடம் உண்டு. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், தனியார் மின் நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமென இலங்கை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இழப்பீடு வரும், கெட்ட கிணறு உடனே திரும்பாது. கிணற்றையே நம்பியிருக்கும் வன்னிக் கிராமங்கள் இதை மறக்கக்கூடாது. குடிநீரும் வுழூ நீரும் அதே கிணற்றில்தான்.

புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைச் சூளையில் தொழிற்சாலைக் கழிவுகளை எரித்தழிக்கும் சேவை இருக்கிறது. ஆனால் இரண்டு பரல் கழிவுக்காக ஓர் அச்சகம் லொறி பிடிக்க முடியுமா? பிரதேச சபைகளும் மத்திய சுற்றாடல் அதிகார சபையும் இணைந்து, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா அச்சகங்களின் கழிவை ஆண்டுக்கு இருமுறையாவது சேகரித்து அனுப்பலாம். சுற்றாடல் உரிமத்துக்குக் கட்டணம் வாங்கினால் மட்டும் கடமை முடியாது.

நண்பருக்குச் சொன்னது இதுதான்: கடனுக்கு முன் இரண்டு மூடிய பரல் வாங்குங்கள். ரோலரின் மையைத் துணியால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். துணியையும் கரைப்பானையும் பரலில் சேருங்கள். கழுவிய நீரை மட்டும் தாங்கியில் தெளியவிட்டு, மணலும் கரியும் ஊடாக வடித்து, முதற் கழுவலுக்குத் திரும்ப எடுங்கள். வடிகட்டியின் அளவை அதன் பிறகு தீர்மானிக்கலாம். பெரும்பாலும் சிறியதே போதும்.

பரல் நிரம்பும் நாளில் அதை எடுத்துச்செல்ல லொறி வர வேண்டும். அதைக் கேட்கும் பொறுப்பு அச்சக உரிமையாளருக்கு மட்டுமல்ல, அதே நிலத்தடி நீரைக் குடிக்கும் நம் அனைவருக்கும் உண்டு.