வாசற்படிக்கு வரும் போத்தல்

சென்ற வாரம் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "சேர், புத்தகமும் சப்பாத்தும் வீடு தேடி வருகின்றன. மதுவும் அவ்வாறு வந்தால் சட்டம் என்ன செய்யும்?" வகுப்புச் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இக்கேள்வியை முன்னரே எதிர்கொண்ட நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கே 1920 முதல் 1933 வரை நாடெங்கும் மதுவிலக்கு நிலவிற்று. அதனை நீக்கிய அரசியலமைப்பின் 21ஆம் திருத்தம், மதுவைத் தன் எல்லைக்குள் விடுவதா, விலக்குவதா என்னும் முடிவை அந்தந்த மாநிலத்திடமே ஒப்படைத்தது. பிற்காலத்தில் மிச்சிகன், நியூயோர்க் ஆகிய மாநிலங்கள், உள்ளூர்த் திராட்சை மது உற்பத்தியாளர் நேரே வீடுகளுக்கு அனுப்ப இடமளித்து, வெளிமாநிலத்தார்க்குத் தடையும் இடரும் விதித்தன. 2005ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று, இப்பாகுபாடு செல்லாதெனத் தீர்த்தது. அனுமதித்தால் இருசாரார்க்கும் அனுமதி, தடுத்தால் இருசாரார்க்கும் தடை என்பதே அதன் சாரம்.

வணிகர்க்கு நீதி கிடைத்தது, நன்று. குடும்பத்துக்கு? 21 வயது நிரம்பியவர் கையொப்பமிட்டே பொதியைப் பெறவேண்டும் என்பது அங்குள்ள காவல். ஆயின், அவசரமாக அடுத்த வீட்டுக்கு ஓடும் விநியோகப் பையனின் கையிலன்றோ அக்காவல் தங்கியிருக்கிறது!

தமிழ்நாட்டிலும் இவ்விவகாரம் எழுந்தது. 2020 மே மாதம், கொள்ளை நோய்க் காலத்தில், மதுக்கடைகளை மூடி இணைய வழியில் மட்டும் விற்கலாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். சில நாட்களில் இந்திய உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்திவைத்தது. நம் நாட்டிலும் 2021இல் இணைய விற்பனை பற்றிய பேச்சு எழுந்தது. அனுமதிப்பத்திரமின்றி மது விற்பதைத் தடுக்கும் நமது மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912ஆம் ஆண்டினது. 21 வயதுக்குட்பட்டோர்க்கு விற்பதைத் தடுக்கும் சட்டம் 2006இல் வந்தது.

நிற்க. இஸ்லாம் மதுவை விலக்குகிறது. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். எனினும் கல்முனையில் நம் பிள்ளைகளைக் காத்துவந்தது நூலறிவு மட்டுமன்று. ஊரின் கண்ணும் ஆகும். தவறணைப் பக்கம் ஒரு பையன் தலைகாட்டினால், பொழுது சாயுமுன் வாப்பாவுக்கோ அப்பாவுக்கோ செய்தி எட்டிவிடும். அக்கண்ணுக்கு அஞ்சி அயலூர் சென்று குடிப்போரும் உளர், மறுக்கவில்லை. ஆயினும் அத்தூரமே பலரை ஒருமுறை சிந்திக்க வைக்கும். மூடிய பொதியோ எவர் கண்ணிலும் படாது. எத்தூரமும் நடக்க வைக்காது.

ஆதலின், மாணவ நண்பரே, அத்தகைய விற்பனை இங்கு வருமாயின் நாம் கேட்கவேண்டியவை இரண்டு. வயதை அடையாள அட்டையில் பார்த்தே பொதியை ஒப்படைக்கவேண்டும். தவறினால் பையனை மட்டுமன்றி அனுப்பிய நிறுவனத்தையும் சட்டம் தண்டிக்கவேண்டும். எஞ்சியது பெற்றோர் கடன்: வாசலுக்கு வரும் பொதியில் என்ன இருக்கிறதென்று பிள்ளையிடம் அன்போடு கேட்பது. சட்டம் வாசற்படியோடு நின்றுவிடும்; அதற்கு அப்பால் இருப்பது வீடு.