காலமா காத்தது?

பழைய திரைப்படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாசகம் தவறாமல் வந்து விழுகிறது. நல்ல படம் எப்படியும் நிலைத்துவிடும். மட்டமான படம் தானே மறைந்துவிடும். காலத்தை விஞ்சிய நீதிபதி இல்லை! கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. சொல்பவருக்குச் செலவும் இல்லை. ஆனால் உண்மையன்று. திகில் படங்களின் வரலாற்றைச் சிறிதேனும் அறிந்தவர் எவரும் இதனை வாய் கூசாமல் சொல்ல முடியாது.

மொழியும் இலக்கணமும் கற்பிக்கிற ஒருவனுக்குப் பேய்ப் படங்களில் என்ன நாட்டம் என்று வினவுவோர் உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டில் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அந்த அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினைச் சொல்லும்போது விலங்குக்கும் கள்வருக்கும் இறைவனாகிய அரசனுக்கும் முன்னால் அணங்கை நிறுத்தினார். அஞ்சுவதும் அஞ்சுவிப்பதும் கலைக்கு இழுக்கென்று அவர் கருதவில்லை; நான் ஏன் கருத வேண்டும்? அந்த வழக்கை இத்துடன் முடித்துக்கொண்டு, காலம் என்னும் நீதிபதியிடம் வருவோம்.

1922ஆம் ஆண்டு ஜெர்மனியில் எஃப். டபிள்யூ. முர்னாவ் ‘நோஸ்ஃபெராட்டு’ என்னும் மௌனப் படத்தை எடுத்தார். பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட ‘டிராகுலா’ நாவலே அதன் கதை. அனுமதி பெறவில்லை. டிராகுலாப் பிரபுவை ஓர்லோக் பிரபு என்று மாற்றிவிட்டால் போதுமென்று எண்ணிவிட்டார்கள். நாவலாசிரியர் 1912இலேயே மறைந்துவிட்டார். ஆனால் அவர் மனைவி ஃப்ளாரன்ஸ் ஸ்டோக்கர் இருந்தார், வழக்குத் தொடுத்தார். படத்தை எடுத்த ப்ராணா நிறுவனமோ அந்த ஒரே படத்தோடு நொடித்துப்போனது. இழப்பீடு வாங்க ஆளில்லை. 1925இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: மூலச்சுருளும் பிரதிகளும் அழிக்கப்பட வேண்டும்.

அந்த அம்மையாரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. கணவர் விட்டுச் சென்ற நூலின் உரிமை அவருக்குச் சொத்து. அதைக் கேளாமல் எடுத்தவர்கள் கேளாமல் எடுத்தவர்களே. பிழை தண்டனையில் இருக்கிறது. கள்வனிடம் காசில்லை, ஆகவே பொருளைக் கொளுத்துங்கள் என்பது என்ன நீதி? படம் பிழைத்ததற்குக் காரணம், சில பிரதிகள் எல்லை கடந்து அயல்நாடுகளுக்குப் போயிருந்தமைதான். பிற்காலத்தில் பிரெஞ்சுத் தலைப்புகள் கொண்ட பழம் பிரதி ஒன்றையும் வேறு இடங்களில் கிடைத்த பிரதிகளையும் அருகருகே வைத்து, சுவடி பதிப்பிப்போர் பாடபேதம் பார்ப்பதுபோல் ஒப்புநோக்கி, காட்சி காட்சியாகச் சேர்த்தெடுத்தார்கள். அது பல ஆண்டு உழைப்பு.

இரத்தக் காட்டேரி வெயில் பட்டால் அழியும் என்பது இன்று சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். ஸ்டோக்கரின் நாவலில் அது இல்லை. அங்கே டிராகுலா பகலிலும் நடமாடுகிறான். கதிரவன் ஒளியில் கரைந்து மறையும் முடிவு ‘நோஸ்ஃபெராட்டு’ தந்தது. கொளுத்தப்பட வேண்டியதென்று தீர்ப்பான படத்தின் கற்பனை, பின்னால் வந்த காட்டேரிக் கதைகளுக்கு விதியாகிவிட்டது! 1979இல் வெர்னர் ஹெர்ட்சோக் அதனை மீண்டும் எடுத்தார். 2024இல் ராபர்ட் எகர்ஸ் எடுத்தார். இதைக் காட்டித்தான், ‘பார்த்தீரா, காலம் காத்தது’ என்கிறார்கள். காலம் என்ன செய்தது ஐயா? பெட்டியைத் திறந்ததா? சுருளைத் துடைத்ததா?

பழைய அரபுக் கவிதையுலகில் ‘ராவி’ என்று ஒருவர் உண்டு. கவிஞரின் பாடலை மனனம் செய்து, தாம் போகுமிடமெல்லாம் ஓதிக் காட்டி, அடுத்தவரிடம் ஒப்படைப்பவர். எழுத்து அருகியிருந்த அந்நாளில், ராவி வாய்க்காத பாடல் எவ்வளவு உயர்ந்ததாயினும் பாடியவனோடு மணலுக்குள் போயிற்று. திரைப்படத்துக்கும் ராவி வேண்டும். ராவி வாய்க்காத படம் ஒன்றைச் சொல்கிறேன்.

டாட் ப்ரௌனிங் என்னும் அமெரிக்க இயக்குநர் 1927இல் ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ என்ற படத்தை எடுத்தார். லான் சேனி நடித்தது. கூரிய பற்களும் உயர்ந்த கறுப்புத் தொப்பியுமாக அவர் நிற்கும் புகைப்படத்தைத் திகில் பட ரசிகருள் அறியாதார் இலர். படத்தைத்தான் காணோம். கடைசியாக இருந்ததென்று அறியப்பட்ட பிரதி 1965இல் எம்.ஜி.எம். நிறுவனத்தின் கிடங்கில் பற்றிய தீயில் போயிற்று. 2002இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி, மிஞ்சிய புகைப்படங்களை வரிசைப்படுத்திக் கதையைக் காட்டியது. முன்பு படத்தைப் பார்த்தவர்களுள் சிலர் அது சாதாரணப் படந்தான் என்றும் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். ஒத்துக்கொள்ளவோ மறுக்கவோ நமக்கு வழியில்லையே! நீதிபதி தீர்ப்பளித்தார் என்றால் வழக்குக் கட்டாவது இருக்க வேண்டாமா?

இது ஏதோ ஒரு படத்தின் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கவும் இயலாது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான முழுநீள மௌனப் படங்கள் ஏறத்தாழ 11,000. அவற்றுள், முதலில் வெளிவந்த வடிவிலேயே இன்று இருப்பவை நூற்றுக்கு 14 மட்டுமே என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். தானே மக்கியும் போகும். போதாதென்று, பேசும் படம் வந்தபின் மௌனப் படத்துக்கு விலையில்லையென்று, சுருளில் இருக்கும் வெள்ளிக்காக அதனை உருக்கியவர்களும் உண்டு. உருக்கும் உலையில் நல்ல படம் எது, கெட்ட படம் எது?

ப்ரௌனிங்குக்கு நேர்ந்த பெருந்துன்பம் இன்னொன்று. 1931இல் பேலா லுகோசியை வைத்து ‘டிராகுலா’ எடுத்துப் பெரும் பொருள் ஈட்டித் தந்தவர் அவர். அதைக் கண்ட எம்.ஜி.எம். நிறுவனம் தனக்கும் ஒரு திகில் படம் வேண்டுமென்றது. இளமையில் சர்க்கஸ் கூட்டத்தோடு அலைந்தவர் ப்ரௌனிங். அந்த மக்களையே கதையாக்கினார். நடிக்கவும் அவர்களையே அழைத்தார். குள்ளர், கையில்லாதவர், காலில்லாதவர், ஒட்டிப்பிறந்த இரட்டையர் எல்லாரும் வேடம் புனையாமல் தம் உருவிலேயே வந்தனர். ‘ஃப்ரீக்ஸ்’ என்று பெயர். 1932இல் வெளியாயிற்று.

கதை எளியது. குள்ளன் ஒருவனுக்குப் பெருஞ்சொத்து வருகிறது. ஊஞ்சலில் வித்தை காட்டும் அழகி அவனை மணந்து, சிறுகச் சிறுக நஞ்சூட்டுகிறாள். மண விருந்தில் அந்த மக்கள் அவளைத் தங்களுள் ஒருத்தியாக ஏற்கிறோமென்று ஒரே கிண்ணத்தில் பருகத் தருகிறார்கள். அவள் அருவருத்து ஏசுகிறாள். அந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் போற்றலாம். முழு உடல் பெற்றவளின் முகம் அங்கே எவ்வளவு கோரமாகிவிடுகிறது! பேயும் பிசாசும் இல்லாத படத்தில் பேயைக் காட்டிவிட்டார் ப்ரௌனிங். (இறுதியில் அவர்கள் மழையிலும் சேற்றிலும் கத்தியோடு ஊர்ந்துவந்து பழிதீர்க்கும் இடத்தில் தம் கருணையைத் தாமே சற்றுக் கெடுத்துக்கொண்டார் என்பதும் என் எண்ணம்.)

முன்னோட்டக் காட்சியிலேயே பார்வையாளர் வெகுண்டனர். ஏறத்தாழ 90 நிமிடம் ஓடிய படத்தை நிறுவனம் 64 நிமிடமாக வெட்டியது. வெட்டிய பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. பிரிட்டனில் 30 ஆண்டுகளுக்குமேல் தடை. ப்ரௌனிங்கின் தொழில் அதன்பின் தேய்ந்தது. 1939இல் கடைசிப் படம். 1962இல் வெனிஸ் விழாவில் ‘ஃப்ரீக்ஸ்’ காட்டப்பட்டுப் புகழப்பட்டது; அதே ஆண்டில்தான் அவர் இறந்தார். அவர் இறந்தது விழாவுக்குப் பின்னர்தான் என்று தேதி பேச வருவார்கள். எப்போது இறந்திருந்தால் என்ன, படமெடுக்கும் கை முப்பதாண்டு முன்பே கட்டப்பட்டுவிட்டதே!

பிரிட்டிஷ் இயக்குநர் மைக்கேல் பவலின் கதை இன்னும் கொடியது. ‘தி ரெட் ஷூஸ்’ போன்ற படங்களால் பெரும் புகழ் பெற்றிருந்தவர். 1960இல் ‘பீப்பிங் டாம்’ எடுத்தார். கேமராவோடு திரியும் இளைஞன் ஒருவன் பெண்களைக் கொன்று, அவர்கள் அஞ்சி மடியும் முகத்தைப் படம்பிடிக்கிறான். அவன் சிறுவனாக இருந்தபோது, அச்சத்தை ஆராய்ந்த அவனுடைய தந்தையே அவனை நள்ளிரவில் எழுப்பி மிரட்டி, அதைப் படச்சுருளில் பதிந்தவர். அந்தத் தந்தையாகப் பவலே நடித்தார். சிறுவனாக அவர் மகன் நடித்தான். படத்தில் இரத்தம் அதிகமில்லை. விமர்சகர்களைச் சுட்டது வேறு: இருட்டில் அமர்ந்து பிறர் துன்பத்தைப் பார்த்து மகிழும் நீங்கள் யார் என்று அது கேட்டது. கேட்கப்பட்டவர்கள் சீறினார்கள். சாக்கடையில் வாரிக் கொட்டுவதே இதற்குத் தக்கது என்ற பொருளில் ஒருவர் எழுதினார். விநியோகஸ்தர் அஞ்சிப் படத்தைக் கைவிட்டார். தாய்நாட்டில் பவலுக்குத் தொழில் ஏறக்குறைய முடிந்தது; ஆஸ்திரேலியா சென்று படமெடுத்தார்.

அதே ஆண்டில் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வும் வந்தது. அதுவும் கொலைகாரன் ஒருவனைப் பற்றியதே. ஹிட்ச்காக் சூழ்ச்சி அறிந்தவர். விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் காட்டாமல் நேரே மக்களிடம் கொண்டுபோனார். படம் வென்றது. இரண்டு படங்களின் விதியும் வேறானதற்குக் கலைத்தரம்தான் காரணம் என்று எவர் சொல்வார்?

பவலுக்கு ராவிகள் வாய்த்தனர். இளமையில் அப்படத்தைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்த மார்ட்டின் ஸ்கார்செஸி அவர்களுள் முதல்வர். 1979இல் நியூயார்க் விழாவில் அது திரையிடப்பட்டது. மறுவெளியீட்டுக்கும் ஸ்கார்செஸி துணைநின்றார். பவல் 1990இல் காலமானார். 1960இல் அப்படத்தைக் கண்டித்தவர்களுள் ஒருவரான டிலிஸ் பவல் என்னும் மூத்த விமர்சகர் (இயக்குநருக்கு உறவினர் அல்லர்) 1994இல், தம் தொண்ணூறு வயதுக்குமேல், அதே இதழில் மீண்டும் எழுதினார். இது தலைசிறந்த படம் என்றார். இறந்தபின் பேசிக்கொள்ள இடமிருக்குமானால் பவலிடம் மன்னிப்புக் கேட்க விரும்புவதாகவும் எழுதினார். அந்த அம்மையாரை மதிக்கிறேன். மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லை.

இத்தனையும் நிகழ்ந்தபின் இப்படங்களுக்கு ஒரு செல்லப் பெயர் சூட்டுகிறார்கள்: ‘கல்ட்’ படம். சிறு கூட்டத்தார் பித்தாகிப் போற்றும் படம் என்று பொருள். எனக்கு இந்தச் சொல்லே கசக்கிறது. ஒரு படம் ஏன் சிறு கூட்டத்தாரிடம் ஒதுங்கியது? பெருங்கூட்டத்தாரிடமிருந்து அதனைப் பறித்தவர் யார்? அந்த வினாவை இச்சொல் மூடி மறைக்கிறது. தோல்வியே அதற்கொரு அழகு என்பதுபோல் ஆக்கிவிடுகிறது. மேலும், எட் வுட் 1950களில் எடுத்த ‘ப்ளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ படமும் இதே பெயரில் வருகிறது. 1956இல் மறைந்த லுகோசியின் சில நிமிடக் காட்சிகளை வைத்துக்கொண்டு, மீதிக்கு வேறொருவரை அங்கியால் முகம் மூடி நடக்கவிட்ட படம் அது. உலகிலேயே மோசமான படமென்று 1980இல் பட்டம் சூட்டி, கூடிச் சிரிக்கிறார்கள். வறியவனின் கைவேலையைப் பார்த்துச் சிரிக்கக் கூடும் கூட்டத்தையும், பவலின் படத்தைத் தேடி மீட்டவர்களையும் ஒரே சொல்லால் அழைப்பது என்ன மொழியறிவு?

நம் குடும்பத்தார் கேட்கக்கூடியது ஒன்றுண்டு: இவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? கூடாது என்பேன், ஐயமே இல்லை. 1968 அக்டோபரில் ஜார்ஜ் ரோமெரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ வெளியானபோது அமெரிக்காவில் வயதுவாரிச் சான்று முறை இன்னும் வரவில்லை; அடுத்த மாதந்தான் வந்தது. பகற்காட்சியில் சிறுவர்கள் போய் உட்கார்ந்தார்கள். பிணங்கள் எழுந்து மனிதரைத் தின்னும் காட்சியைக் கண்டு விம்மி அழுதார்கள். அனுப்பிய பெற்றோரும் அனுமதித்த அரங்கத்தாரும் குற்றவாளிகள். ஆனால் பிள்ளைக்கு ஆகாதது என்பது வேறு, பூமிக்கே ஆகாதது என்பது வேறு. மருந்துப் பெட்டியைப் பிள்ளைக்கு எட்டாமல் வைக்கிறோம், கிணற்றில் எறிவதில்லை. கறுப்பினத்தவர் ஒருவரை அறிவும் துணிவும் உடைய நாயகனாக நிறுத்தி, விடியும்வரை பிணங்களை வென்ற அவரை விடிந்தபின் மனிதர்களே சுட்டு வீழ்த்துவதாக முடித்த படம் அது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டில் அந்நாட்டு மக்கள் அதைப் பார்த்தார்கள்.

அந்தப் படம் பரவியதும் காலத்தின் கருணையால் அன்று. விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது உரிமை அறிவிப்பு விடுபட்டுப்போயிற்று. அன்றைய சட்டப்படி உரிமையே போயிற்று. யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்தார்கள், காட்டினார்கள், விற்றார்கள். ஏறத்தாழ 1,14,000 டாலரில் பாடுபட்டு எடுத்தவர்களுக்குச் சேரவேண்டிய பணம் சேரவில்லை. முர்னாவ் படத்தை உரிமை கொல்லப் பார்த்தது. ரோமெரோ படத்தை உரிமையின்மை வாழவைத்து, எடுத்தவரைக் கொள்ளையிட்டது. இந்தத் தாறுமாறுக்குத்தான் நீதி என்று பெயரிடுகிறார்கள்.

இன்னமும் காலமே நீதிபதி என்பவர்களோடு எனக்கு நெடிய வாதம் இல்லை. ‘ஃப்ரீக்ஸ்’ படத்திலிருந்து வெட்டியெறியப்பட்ட அந்த இருபத்தாறு நிமிடத்தைத் தங்கள் நீதிபதியிடம் கேட்டு வாங்கி வரட்டும். வந்தபின் பேசுவோம்.