வயரில் கை வைக்கும் முன்...



திருத்தணியில் காருக்கு ஸ்டீரியோ மாட்ட விலை கேட்டால், சில கடைகளில் செட்டின் விலையை மட்டும் வாயால் சொல்கிறார்கள். கூலி கேட்டால், "பார்த்துக் கொடுங்க சார்." வேலை முடிந்ததும் வயரை வெட்டாமல் இணைக்கும் கப்ளர், ஃப்ரேம், வயர் என்று ஒவ்வொன்றாகக் கணக்கில் ஏறுகின்றன. கப்ளர் போடாமல் கம்பெனி வயரை வெட்டி டேப் சுற்றுவதும் உண்டு. வாரண்டித் தகராறு அங்கேதான் பிறக்கிறது. மலிவென்று ஆந்திர எல்லை தாண்டி நகரி, புத்தூர் போனால், கோளாறுக்கும் அங்கேயே ஓட வேண்டும்.

பில் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராததும் நேர்மையற்ற வணிகமே. மாடல் எண், கப்ளர், கூலி, ஜி.எஸ்.டி. சேர்த்து மொத்தத் தொகையை முதலிலேயே எழுதி வாங்குங்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

- ஒரு வாசகர், திருத்தணி