கண்டம் தண்ணீரிலா, நம் மனத்திலா?

"உனக்குத் தண்ணியில கண்டம்." நான் பிறந்தபோது ஒரு சோதிடர் சொன்னதாம். அந்த ஒரு வரியால் நான் நீச்சல் கற்கவில்லை. போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனாலும் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. விசாரித்துப் பார்த்தால், என் தோழிகள் பலருக்கும் இதே கண்டம்தான்!

ரஜூலா கப்பலில் வங்காள விரிகுடாவைக் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். கடல் கடந்தும் பொருள் தேடச் சொன்ன ஔவையாரைத் தமிழ்ப்பள்ளியில் மனனம் செய்து, பொருள் எழுதிப் புள்ளிகளும் பெற்றோம். ஆனால், கடலை மட்டும் தொடவில்லை.

சென்ற ஆண்டு விடுதித் தோழியின் தந்தை என்னைத் தம் பாய்மரப் படகில் அழைத்துச் சென்றார். ஐந்து மீட்டர் நீளமுள்ள சிறிய படகு. மகிழுந்தின் பின்னால் டிரெய்லரில் வைத்து லுமுட்டுக்கு இழுத்து வந்தார். பாய்மரத்தைச் சாய்த்துக் கட்டலாம். நடுவில் நீருக்குள் இறங்கியிருக்கும் பலகையைத் தூக்கிவிட்டால், முழங்கால் அளவு நீரிலும் படகு மிதக்கும்.

அங்கே பங்கோர்த் தீவு திறந்த கடலின் அலைகளை மறைத்து நிற்கிறது. அதனால் தீவுக்கும் கரைக்கும் இடையிலான நீர் பெரும்பாலும் அடக்கமாகவே இருக்கும். ஆயினும் அது குளம் அன்று! பயணிகள் படகுகள் குறுக்கே ஓடும். கடற்படைத் தளத்தின் எல்லைக்குள் நுழையக் கூடாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்போ காலையிலோ 'சுமத்ரா' எனப்படும் சூறைக்காற்று மேற்கிலிருந்து பாய்ந்து வரலாம். ஆகவே, வானிலை அறிக்கையையும் நீர்மட்ட அட்டவணையையும் பார்த்து, அனைவரும் மிதவை அங்கி அணிந்த பின்னரே படகை இறக்கினார்.

அப்படியும் ஒரு பிழை நேர்ந்தது. நல்ல காற்றில் நேரம் மறந்து, நண்பகலில்தான் திரும்பினோம். அன்று பௌர்ணமி. காலையில் படகை இறக்கிய இடத்தில் தண்ணீர் இல்லை, சேறுதான் இருந்தது. நீர் ஏறும்வரை இரண்டு மணி நேரம் வெயிலில் காய்ந்தோம்.

வீட்டில் பயந்துகொண்டே பாட்டியிடம் இதைச் சொன்னேன். "பௌர்ணமிக்கு எவ்வளவு ஏறுதோ அவ்வளவு எறங்கும். இதுகூடத் தெரியாமலா போனீங்க?" என்றார் பாட்டி. நான் திகைத்துப் போனேன்! பாகான் டத்தோ தென்னந்தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். கடல்நீர் தோட்டத்துக்குள் ஏறாமலிருக்க, நிலவைக் கணக்கிட்டு மதகை மூடித் திறந்தவர் அவருடைய தந்தை. கடலைப் பற்றிய அறிவு என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. எனக்கு வந்து சேர்ந்ததோ அச்சம் மட்டுமே.

இதுதான் என் ஆதங்கம். அச்சம் நம்மைக் காப்பாற்றுவதில்லை. நீந்தத் தெரியாத பிள்ளை என்றாவது ஒருநாள் நண்பர்களோடு நீர்வீழ்ச்சிக்குப் போகத்தான் செய்யும். அன்று அதைக் காப்பது சோதிடம் அன்று. நீச்சலும் நீரைப் பற்றிய அறிவும்தான்.

படகுப் பயணம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு எனச் சிலர் கூறலாம். சொந்தப் படகு செலவுதான், மறுக்கவில்லை. ஆனால், படகு வைத்திருப்பவரிடம் கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்று கேட்டுச் சேர்ந்துகொள்ளச் செலவில்லை. 1999-இல் லங்காவியிலிருந்து புறப்பட்டுத் தனியாக உலகைச் சுற்றிவந்த அஸ்ஹார் மன்சூரைப்போல நாம் ஆக வேண்டியதில்லை. தீவின் மறைவில் அரைநாள் போதும். காற்று எங்கிருந்து வருகிறது, நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எப்போது திரும்ப வேண்டும் என்று கவனிக்கக் கற்றுக்கொள்வோம்.

நம் கழகத்தின் முகாம்களில் பேச்சுப்போட்டியும் கவியரங்கமும் நடக்கின்றன, நடக்கட்டும். அவற்றோடு ஒரு நீச்சல் வகுப்பும் வேண்டும். நீந்தக் கற்ற பிறகு ஒருநாள் படகுப் பயணமும் வேண்டும். பெயர்ப்பட்டியலில் முதலில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பாட்டி அனுமதி கொடுத்துவிட்டார்!