பெட்டியில் அச்சிட்ட வேகமும் பணிமேசையில் கிடைக்கும் வேகமும்

உயர்திறன் லேப்டாப் வாங்க வருகிறவர் கடையில் கேட்பவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான். எஸ்எஸ்டி எத்தனை டிபி, ஜென் 4-ஆ ஜென் 5-ஆ? நாமும் பெட்டியைத் திருப்பி, அதில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் காட்டுகிறோம். இது நொடிக்கு 7,000 எம்பி, அது 14,000. விலை வித்தியாசத்தைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த லேப்டாப்பில் ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதப்படும், ஒரே மூச்சில் எவ்வளவு எழுதப்படும் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. சேமிப்பகத் தேர்வு இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும் என்பது இந்த இதழின் கருத்து. விற்கிறவர்களும் சர்வீஸ் செய்கிறவர்களுமான நம் வாசகர்கள் கேட்காவிட்டால், வாடிக்கையாளருக்காக இதைக் கேட்க வேறு ஆள் கிடையாது.

ஹார்டு டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறிய காலத்தில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டில், தேவையான இடம் ஊசிக்கு அடியில் வந்து சேரவே சராசரியாக 4 மில்லி நொடிக்கு மேல் ஆகும். ஊசி நகரும் நேரம் தனி. 2008-ல் இன்டெல் எக்ஸ்25-எம் போன்ற எஸ்எஸ்டிகள் வந்தபோது இந்தக் காத்திருப்பே இல்லாமல் போனது. எதைப் போட்டாலும் வேகம் கண்கூடாகத் தெரிந்தது. அதன் பிறகு சாட்டா இணைப்பின் 550 எம்பி, என்விஎம்இ வழியே ஜென் 3-ல் 3,500 ஆனது, ஜென் 4-ல் 7,000, ஜென் 5-ல் 14,000. எண் இரட்டித்துக்கொண்டே போனாலும் பயனர் உணரும் வேகம் அப்படிக் கூடவில்லை. விண்டோஸ் எழுவதும் மென்பொருள் திறப்பதும் சின்னச் சின்னத் துண்டுகளை அங்கும் இங்குமாக, ஒவ்வொன்றாகப் படிக்கும் வேலை. 4 கேபி துண்டுகளை வரிசை இல்லாமல் ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னால், 7,000 எம்பி என்று அச்சிட்ட எஸ்எஸ்டியும் நொடிக்கு 100 எம்பிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். பழைய ஜென் 3 எஸ்எஸ்டி அதைவிடப் பெரிதாகப் பின்தங்கி இருக்காது.

நம் ஊரில் உயர்திறன் லேப்டாப்பை அதிகம் வருத்தும் தொழில்களில் ஒன்று கல்யாண வீடியோ எடிட்டிங். அதையே எடுத்துக்கொள்வோம். 4கே காட்சியை நொடிக்கு 25 பிரேம் வீதம் புரோரெஸ் 422 எச்க்யூ வடிவில் வைத்தால் ஆப்பிள் தரும் கணக்குப்படி 737 மெகாபிட். எம்பியில் சொன்னால் நொடிக்கு ஏறத்தாழ 92. நான்கு கேமராவை ஒரே டைம்லைனில் ஓட்டினாலும் 370 எம்பியைத் தாண்டாது. கணக்குக்கு ஒரு நல்ல சாட்டா எஸ்எஸ்டியே போதும். அப்படியிருக்க, எடிட்டிங்குக்கு ஜென் 5 இல்லாமல் முடியாது என்று சொல்லி விற்பது சரியில்லை. அந்த எடிட்டருக்கு நெருக்கடி வருவது படிக்கும்போது அன்று, எழுதும்போது. முகூர்த்தம் முடிந்த கையோடு எல்லா கேமராவின் காட்சிகளும் லேப்டாப்பில் இறங்க வேண்டும். பிறகு பிராக்ஸி, ரெண்டர் கேச், கடைசியில் எக்ஸ்போர்ட். எல்லாமே மணிக்கணக்கில் விடாமல் எழுதும் வேலை. பெட்டியில் இருக்கும் எண் அந்த வேலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

காரணம் சிப்புக்குள் இருக்கிறது. டிஎல்சி வகையில் ஒரு செல்லில் 3 பிட், க்யூஎல்சியில் 4 பிட். 3 பிட் என்றால் 8 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும், 4 பிட் என்றால் 16. நிலைகள் நெருங்க நெருங்க எழுதுவதற்கு நேரம் கூடும், செல்லின் ஆயுள் குறையும். இதை மறைக்க எல்லா நிறுவனங்களும் ஒரே உபாயத்தைத்தான் செய்கின்றன. காலியாக இருக்கும் செல்களில் ஒரு பகுதியை ஒற்றை பிட் செல்போல நடத்தி, வருகிற தரவை முதலில் அங்கே வேகமாக வாங்கிக்கொள்கின்றன. வந்த மூட்டைகளைத் திண்ணையில் இறக்கி வைத்து, ஆள் ஓய்ந்த நேரத்தில் உள்ளே அடுக்குவது மாதிரி. திண்ணை நிறைந்தால் வண்டி வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். பெட்டியில் அச்சிடுவது இந்தக் கேச்சின் வேகத்தை.

இன்டெல் 660பி என்ற க்யூஎல்சி எஸ்எஸ்டி இதற்குத் தெளிவான உதாரணம். 1 டிபி மாடல் காலியாக இருக்கும்போது சுமார் 140 ஜிபி கேச் கிடைக்கும். நிரம்ப நிரம்ப அது சுருங்கி 12 ஜிபிக்கு வந்துவிடும். கேச் தீர்ந்தபின் எழுதும் வேகம் நொடிக்கு 100 எம்பி அளவுக்கு இறங்கும். சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபி மாடலுக்கு, கேச்சுக்குப் பின் 80 எம்பி என்று அந்த நிறுவனமே தன் விவரத்தாளில் எழுதியிருக்கிறது. மறைக்காமல் எழுதியதற்காக அதைப் பாராட்டவே வேண்டும். 80 எம்பி என்பது பழைய லேப்டாப் ஹார்டு டிஸ்கின் வேகத்தைவிடக் குறைவு. பாதிக்கு மேல் நிரம்பிய எஸ்எஸ்டியில் 300 ஜிபி காட்சிகளை இந்த வேகத்தில் இறக்க ஒரு மணி நேரம் ஆகும். நல்ல டிஎல்சி எஸ்எஸ்டிகள் கேச் தீர்ந்த பிறகும் 1,000 எம்பிக்கு மேல் எழுதும். அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது கேமராவின் கார்டும் ரீடரும்தான். ஜென் 5 க்யூஎல்சியா ஜென் 4 டிஎல்சியா என்று ஒரு எடிட்டர் கேட்டால், நாம் தயங்காமல் டிஎல்சியைக் காட்ட வேண்டும்.

க்யூஎல்சியே கூடாது என்று சொல்ல வரவில்லை. கேம்களை நிறுவி வைத்து விளையாடுகிறவர், பாட்டும் படமும் சேர்த்து வைக்கிறவர் எழுதுவது கொஞ்சம், படிப்பது அதிகம். அவருக்கு அதே விலையில் கூடுதல் கொள்ளளவு கிடைப்பது லாபம்தான். எதை வாங்கினாலும் நாலில் ஒரு பங்கைக் காலியாக விடச் சொல்லி அனுப்புங்கள். கேச்சுக்கு அதுதான் இடம்.

ஆயுள் கணக்கும் இதே கேள்வியிலிருந்துதான் வருகிறது. உத்தரவாதக் காலத்தில் எத்தனை டிபி எழுதலாம் என்று ஒவ்வொரு எஸ்எஸ்டிக்கும் ஓர் எண் உண்டு. நாம் டிபிடபிள்யூ என்கிறோம். 1 டிபி அளவில் 660பிக்கு 200, சாம்சங் 980 புரோவுக்கு 600. நாளொன்றுக்கு 200 ஜிபி வீதம் ஆண்டில் 300 நாள் எழுதுகிற எடிட்டர் ஆண்டுக்கு 60 டிபி எழுதுகிறார். முதலாவது மூன்று ஆண்டு சொச்சத்தில் அந்த எல்லையைத் தொட்டுவிடும், இரண்டாவதற்குப் பத்து ஆண்டு ஆகும். அலுவலகப் பணியாளருக்கு இந்த எண்ணைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

இதில் தொந்தரவு என்னவென்றால், பெயர் மாறாமல் உள்ளிருக்கும் சரக்கு மட்டும் மாறுவது. 2021-ல் குருசியல் பி2 டிஎல்சியிலிருந்து க்யூஎல்சிக்கு மாறியது வெளியே வந்தது. அதே ஆண்டு டபிள்யூடி ப்ளூ எஸ்என்550-ல் சிப் மாறி, கேச்சுக்குப் பிந்தைய வேகம் குறைந்ததும் தெரியவந்தது. இனிமேல் இப்படி மாற்றினால் மாடல் எண்ணையும் மாற்றுவோம் என்று அந்த நிறுவனம் பிறகு அறிவித்தது. போன ஆண்டு சோதித்துப் பார்த்துத் திருப்தியடைந்த மாடல் என்பதற்காக இந்த ஆண்டும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க முடியாது. புதுச் சரக்கு வரும்போது ஒன்றையாவது போட்டு, 200 ஜிபியை ஒரே தடவையில் எழுதிப் பார்ப்பது நம் தொழிலின் அடிப்படைக் கடமையாகவே ஆகிவிட்டது.

அந்தச் சோதனையையும் லேப்டாப்பின் அடிமூடியைப் பூட்டிவிட்டுச் செய்யுங்கள். ஏசி ஓடும் கடையில், மூடியைக் கழற்றிப் போட்டு, எஸ்எஸ்டி காற்றாட இருக்கும்போது எடுக்கும் அளவுக்கு மதிப்பில்லை. லேப்டாப்புக்குள் அது பெரும்பாலும் கிராபிக்ஸ் சிப்பின் வெப்பக்குழாய்க்குப் பக்கத்திலோ கீபோர்டுக்கு அடியிலோ உட்கார்ந்திருக்கிறது. கன்ட்ரோலர் 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதலில் வந்த ஜென் 5 எஸ்எஸ்டிகள் முழுச் சுமையில் 10 வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுத்தன. மேசைக் கணினியில் அவற்றுக்குக் கட்டைபோல ஹீட்சிங்க் வைத்தார்கள். லேப்டாப்பில் அதற்கு இடமில்லை. சித்திரை மாதத்தில் 40 டிகிரி அடிக்கும் அறையில் ரெண்டர் போடுகிறவருக்கு 14,000 எம்பி என்பது சில நொடி நேரத்துக் காட்சிதான். குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஜென் 4 எஸ்எஸ்டி அங்கே கடைசிவரை ஒரே சீராக ஓடும். தெர்மல் பேடின் தடிமனைப் பார்க்காமல் ஒட்டினால் ஒன்று மூடியைத் தொடாது, இல்லாவிட்டால் போர்டை வளைக்கும். மெல்லிய லேப்டாப்பில் இரண்டு பக்கமும் சிப் உள்ள எஸ்எஸ்டி உட்காராமலும் போகலாம்.

ஸ்லாட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், நீங்கள் அறிந்ததுதான். எம்.2 வடிவம் ஒன்றே என்பதால் சாட்டாவும் என்விஎம்இயும் ஒன்றாகிவிடாது. 80 மில்லிமீட்டர் நீளம் எல்லா லேப்டாப்பிலும் கொள்ளாது. இரண்டாவது ஸ்லாட் பல மாடல்களில் முதலாவதைவிட வேகம் குறைந்தது. சர்வீஸ் மேனுவலைப் பார்த்த பிறகே விலை சொல்லுங்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறைக்குப் பின் வந்த லேப்டாப்களில் விண்டோஸ் இன்ஸ்டாலர் எஸ்எஸ்டியைக் காட்டவில்லை என்றால் பயாஸில் விஎம்டியை அணைத்துவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. புது இன்ஸ்டாலேஷனுக்கு அது ஓடும். ஏற்கெனவே விண்டோஸ் உள்ள லேப்டாப்பில் அதை மாற்றினால் நீலத்திரையில் வந்து நிற்கும். பென்டிரைவில் டிரைவரைப் போட்டு ஏற்றுவதே முறை. இரண்டு எஸ்எஸ்டியை ரெய்டு 0-ஆக இணைத்துத் தரச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். ஒன்று போனால் இரண்டில் இருப்பதும் போகும். ஒன்றில் இயங்குதளம், மற்றொன்றில் வேலை என்று பிரித்துக் கொடுப்பது நல்லது.

ஆப்பிள் லேப்டாப்பில் சேமிப்புச் சிப்புகள் போர்டிலேயே பற்றவைத்து வருகின்றன, பின்னால் கூட்ட வழியில்லை. 2022-ல் வந்த எம்2 மேக்புக் ஏரின் 256 ஜிபி மாடலில், முந்தைய எம்1-ல் இரண்டாக இருந்த சிப் ஒன்றாகக் குறைந்தது. படிக்கும் வேகம் ஏறத்தாழப் பாதியானது. சிப்புகளின் எண்ணிக்கை கூடினால் இணையாக எழுதவும் படிக்கவும் முடியும். சிறிய கொள்ளளவு மெதுவாக இருப்பதற்கு எல்லா எஸ்எஸ்டிகளிலும் இதுவே காரணம். வாடிக்கையாளர் பணத்தை எங்கே கூடப் போடலாம் என்று கேட்டால், தலைமுறையைவிடக் கொள்ளளவில் போடச் சொல்வேன்.

இனி, மனம் அதிகம் வேதனைப்படும் இடம். ஹார்டு டிஸ்க் சாகும் முன் பல நேரம் சத்தம் போடும், கோப்புகள் திறக்கத் தாமதமாகும், நாம் எதையாவது மீட்டுக் கொடுப்போம். எஸ்எஸ்டி பெரும்பாலும் அப்படி முன்னறிவிப்புத் தருவதில்லை. நேற்று இரவுவரை ஓடியது காலையில் பயாஸில் தெரியாது. தவறி அழித்த கோப்பையும் டிரிம் கட்டளை கையோடு துடைத்துவிடுகிறது. விண்டோஸ் 11-ல் மைக்ரோசாப்ட் கணக்கோடு தொடங்கும் புது லேப்டாப்கள் பலவற்றில் பயனருக்குத் தெரியாமலே குறியாக்கம் இயங்கிவிடுகிறது. மதர்போர்டு போனால், எஸ்எஸ்டி நன்றாக இருந்தும் மீட்புச் சாவி இல்லாமல் திறக்க முடியாது. குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் அதில் இருக்கின்றன என்று ஒரு தாய் சொல்லும்போது நம்மிடம் பதில் இருப்பதில்லை. ஆகவே லேப்டாப்பை ஒப்படைக்கும் அன்றே சாவியை அச்செடுத்துக் கையில் கொடுங்கள். பேக்கப்புக்கு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கை அந்த பில்லிலேயே சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆம், ஹார்டு டிஸ்க்தான். லேப்டாப்புக்குள் அதன் காலம் முடிந்தாலும், வெளியே முடியவில்லை. மின்சாரம் இல்லாத எஸ்எஸ்டியில் தரவு எவ்வளவு காலம் நிற்க வேண்டும் என்பதற்கு ஜெடெக் வகுத்த தரவரையறை ஒன்று உண்டு. தனிநபர் பயன்பாட்டு எஸ்எஸ்டி, எழுதும் ஆயுளை முடித்த நிலையில், 30 டிகிரியில் ஓராண்டு. புது எஸ்எஸ்டி இதைவிட நெடுநாள் தாங்கும், உண்மை. ஆனாலும் ஐந்து வருடக் கல்யாண வீடியோக்களை ஏற்றி, நன்கு உழைத்துத் தேய்ந்த ஒரு எஸ்எஸ்டியை பீரோவில் பூட்டி வைப்பதை நாம் ஊக்குவிக்கக் கூடாது. இரண்டு ஹார்டு டிஸ்க், இரண்டு வெவ்வேறு கட்டடங்களில். செலவு குறைவு, நிம்மதி அதிகம்.

வாசகர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. அடுத்து நீங்கள் போடும் பில்லில் "1 டிபி எஸ்எஸ்டி" என்று மட்டும் எழுதாதீர்கள். முழு மாடல் எண், டிஎல்சியா க்யூஎல்சியா, டிபிடபிள்யூ எவ்வளவு, மீட்புச் சாவி கொடுக்கப்பட்டதா என்ற நான்கையும் எழுதுங்கள். விவரத்தாளில் செல் வகையைச் சொல்லாத சரக்கு என்றால் அதையும் அப்படியே எழுதிவிடுங்கள். ரிச்சி தெருவின் சிறிய கடைமுதல் பெரிய ஷோரூம்வரை எல்லோரும் இப்படி எழுதத் தொடங்கினால், சொல்லாமல் சிப்பை மாற்றும் நிறுவனங்கள் நமக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.