பந்தியில பக்கத்துல யாரு?

சங்கரன்கோவில்னு சொன்னா நம்ம காலேஜ்ல உடனே "பிரியாணி!"ன்னுதான் பதில் வரும். தப்பில்ல, நானும் ரசிகன்தான். ஆனா ஆடித்தபசுக்கு ஒரு தடவை வந்து பாருங்க. சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரான்னு சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்கள் சண்டை போட, கோமதி அம்மன் தவமிருந்து இருவரையும் ஒரே உருவமா, சங்கரநாராயணரா பார்த்த ஊர் இது. சண்டை தீர்ந்ததுக்குத்தான் இங்க திருவிழாவே!

அன்னைக்கு சாம்பார் சாதம், தயிர் சாதம், நீர்மோர்னு கேக்காமலே கொடுப்பாங்க. ஏன் சைவம்? 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கிய வள்ளலாருக்கு அது உயிர்க்கருணை. அங்கே பசிதான் ஒரே தகுதி. அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. என் கணக்கு இன்னும் சிம்பிள்: யாரும் தயங்காம ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட முடியும்.

ஆனா உட்காருறோமா? நம்ம தென் மாவட்டங்கள்ல ஸ்கூல் பசங்க கையில சாதிக்கொரு கலர் கயிறு. 2023-ல் நாங்குநேரியில் நடந்தது உங்களுக்கே தெரியும். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் கயிறுக்குத் தடை கேட்டது. தடை கயிற்றை அவிழ்க்கும், பழக்கத்தை? பொட்டலம் வாங்கிட்டு அவனவன் ஆளுங்களோட ஒதுங்கிச் சாப்பிட்டா பசி தீரும், பகை தீராது.

அதனால, அடுத்த ஆடிக்கு வாலண்டியரா போற நண்பர்களே, பொட்டலத்தைக் குறைச்சு பந்தி போடுவோம். வந்த வரிசையிலேயே உட்கார வைப்போம். பக்கத்து இலைக்காரர்கிட்ட பேர் கேளுங்க. "ஊர்ல எந்தத் தெரு?"ன்னு மட்டும் கேக்காதீங்க.