திருடுபோய்த் திரும்பினால்தான் செய்தியா?

கலை, பண்பாட்டுப் பக்கங்களை நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வானூர் வட்டம் திருவக்கரையிலிருந்து எழுதுகிறேன். பௌர்ணமி நள்ளிரவில் வக்ரகாளியம்மன் கோயிலில் ஜோதி காட்டும்போது புதுச்சேரி, திண்டிவனம், விழுப்புரம் எல்லாப் பக்கமிருந்தும் ஜனம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற ஊர். ஆன்மிகப் பக்கத்தில் எங்களுக்கு இடம் கொடுக்கிறீர்கள், நன்றி. என் மனக்குறை பண்பாட்டுப் பக்கத்தைப் பற்றியது.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மராட்டியர் தொடர்புடைய 12 கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து ஒன்றே ஒன்று. எங்கள் வராக நதி அந்தச் செஞ்சி மலைப் பக்கத்திலிருந்துதான் இறங்கி வருகிறது. எங்களுக்கும் அது பெருமைதான். 2026 ஜனவரியில் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் ஆசியக் கலை அருங்காட்சியகம் மூன்று வெண்கலச் சிலைகளை இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அதில் சுந்தரரும் பரவையும் சேர்ந்திருக்கும் சிலை கள்ளக்குறிச்சிப் பக்கத்து வீரசோழபுரத்தைச் சேர்ந்தது. பழைய தென்னார்க்காட்டுச் சொத்து. அந்தச் செய்தியையும் மனம் நிறைந்துதான் படித்தேன்.

ஆனால் அந்தச் சிலைகள் நம்முடையவை என்று எதை வைத்து நிரூபித்தார்கள்? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்களை வைத்து. 1956 முதல் 1959 வரை, அந்தந்தக் கோயிலில் சிலை அதன் இடத்தில் இருந்தபோதே யாரோ ஒருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் பிடித்திருக்கிறார். அன்று அந்த ஊர்களில் எந்தப் பரபரப்பும் இல்லை. களவு போகவில்லை, பரிசு கிடைக்கவில்லை, பெரிய மனிதர் யாரும் வரவில்லை. சும்மா இருந்த சாமியை, இருக்கும்போதே பதிவு செய்தார்கள். அந்த உழைப்புதான் எழுபது ஆண்டு கழித்து வாஷிங்டன்வரை போய்ப் பேசியது.

நீங்கள் செய்யாமல் விடுவது அந்த வேலையைத்தான். களவு போனால் எழுதுகிறீர்கள், மீட்டு வந்தால் எழுதுகிறீர்கள், பாரிஸில் கூடிப் பட்டியலில் சேர்த்தால் எழுதுகிறீர்கள். இருந்த இடத்திலேயே இருப்பவற்றைப் பற்றி எப்போது எழுதுவீர்கள்?

செம்பியன் மாதேவியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்த 2022இல் அவரைப் பற்றி நிறைய வந்தது. அதே ஆண்டில், 1929இல் அந்த வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போன, அவருடையது என்று சொல்லப்படும் வெண்கலத் திருமேனி பற்றியும் நிறைய வந்தது. கண்டராதித்தரின் தேவி, உத்தம சோழனின் தாய், செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய பேரரசி என்றெல்லாம் எழுதினீர்கள். அவர் எடுப்பித்த கற்றளி ஒன்று எங்கள் ஊரில், சந்திரமௌலீஸ்வரர் கோயில் வளாகத்திலேயே நிற்கிறது. சிவலோகமுடையார் சந்நிதி. ராஜராஜனின் 16ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1001. செம்பியன் மாதேவியின் கடைசிக் காலத் திருப்பணிகளில் ஒன்று. காளியைக் கும்பிட வருகிற கூட்டத்தில் அந்தச் சந்நிதிப் பக்கம் திரும்புகிறவர்கள் மிகக் குறைவு. சம்பந்தர் பாடிய தலம் இது. மூலவர் மும்முக லிங்கம்: தத்புருஷம், அகோரம், வாமதேவம். ராஜகோபுரமும் கொடிமரமும் நந்தியும் மூலவரும் ஒரே நேர்கோட்டில் இல்லாத அமைப்பு. எழுத இத்தனை இருக்கிறது.

அடுத்தது கல்மரம். ஊருக்குக் கிழக்கே செம்மண் பூமியில் படுத்துக் கிடக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கணு தெரியும், வளையம் தெரியும், பட்டை உரிந்த மாதிரி வரி ஓடும். இப்போதுதான் வெட்டிப் போட்ட அடிமரம் என்றே தோன்றும். கையை வைத்தால் கல். ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்து வந்த மரங்கள் மணலுக்குள் புதைந்து, மரத்திசு இருந்த இடத்தில் சிலிகா ஏறி, வடிவம் மாறாமல் கல்லாகிவிட்டன. அதனால்தான் வேரும் கிளையும் இல்லை. வருகிற வழியிலேயே முறிந்துவிட்டன. 1781இல் சோனரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் இவற்றைப் பதிவு செய்தார். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியக் கல்மரப் பூங்காவை அமைத்தது. சுமார் 247 ஏக்கர். வேலிக்குள் இருப்பது அதில் ஒரு பகுதிதான்.

கல்மரம் இயற்கை ஆயிற்றே, பண்பாட்டுப் பக்கத்தில் அதற்கென்ன வேலை என்று கேட்பீர்கள். சட்டமும் அப்படித்தான் கேட்கிறது. மனிதக் கை படாததால் 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னச் சட்டம் இதை அணைத்துக்கொள்ளவில்லை. உயிர் இல்லாததால் வனஉயிரினச் சட்டத்திலும் இடமில்லை. தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்ற பட்டம் மட்டும் இருக்கிறது. அதன் பின்னால் தனிச்சட்டத்தின் பலம் இல்லை. புவிமரபுத் தலங்களைக் காக்க ஒரு மசோதாவின் வரைவை 2022 டிசம்பரில் ஒன்றியச் சுரங்க அமைச்சகம் மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. அதிகாரம் முழுவதையும் ஒரே துறையிடம் குவிக்கிறார்கள் என்று தொல்லுயிரியல் ஆய்வாளர்கள் ஆட்சேபித்தார்கள். அது நியாயமான ஆட்சேபம். அதைச் சரிசெய்து சட்டமாக்கியிருக்க வேண்டும், இன்னும் ஆகவில்லை. இங்கோ கல்குவாரியும் கிரஷரும் செம்மண் லாரியும் ஒரு நாளும் ஓய்வதில்லை. வேலிக்கு வெளியே மண்ணுக்குள் கிடக்கும் ஒரு கல்மரத்தை ஜல்லியோடு ஜல்லியாக அள்ளிப் போனால், அது இருந்தது என்பதற்குச் சாட்சி யார்? அதற்குப் புகைப்படம்கூட இருக்காது. சிலையைப் போல எந்த அருங்காட்சியகத்திலிருந்தும் அது திரும்பி வரப்போவதும் இல்லை.

2023இல் கீழடி அருங்காட்சியகம் திறந்தபோது பக்கம் பக்கமாக எழுதினீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜனங்கள் கிளம்பிப் போனார்கள். எழுத்துக்கு அந்த பலம் உண்டு என்பதால்தான் இவ்வளவு உரிமையோடு கேட்கிறேன்.

அடுத்த முறை செஞ்சிக்கு ஆள் அனுப்பும்போது ஆற்றோடு இறங்கி வீடூர் அணையைத் தாண்டி இங்கே வரச் சொல்லுங்கள். புகைப்படக்காரரும் வரட்டும். சிவலோகமுடையார் சந்நிதியின் கல்வெட்டை, சிற்பங்களை, வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் கிடக்கும் கல்மரங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, தேதி போட்டு அச்சிடுங்கள். அந்த மசோதா எங்கே நிற்கிறது என்று எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் உங்கள் நிருபர் கேட்கட்டும். அவர் சொல்கிற பதிலைப் பண்பாட்டுப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
திருவக்கரைவாசி ஒருவன்